மணிக்கூண்டு முக்கின் ஏழாவது கேமரா

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, ஆவாரங்குறிச்சியில் புதிதாக மாட்டப்பட்ட பதினாறு கேமராக்களில் ஏழாவதில், மளிகைக்கடை தவசிக்கனி ஓர் ஆட்டுக்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு மணிக்கூண்டு முக்கைக் கடந்து போனார். முக்கிலேயே இருந்த காவல் நிலையத்தின் பின்னறையில், திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஏட்டு பிரம்மசக்தி அதைப் பார்த்தார். சும்மாடுகூட இல்லாமல் இந்த வயதில் இவ்வளவு பெரிய கல்லைத் தூக்குகிறாரே என்று நினைத்தார். சற்றுப் பிறகு டீ வாங்க வாசலுக்கு வந்தபோது அதே தவசிக்கனி எதிரே வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. தலையில் ஒன்றும் இல்லை. சீவிய முடிகூடக் கலைந்திருக்கவில்லை.

முந்தின வருடம் ஊரில் பைக் திருட்டும் சங்கிலிப் பறிப்பும் கூடிப்போனதால், இன்ஸ்பெக்டர் ஜெபமணி கடை கடையாக ஏறி இறங்கி வியாபாரிகளைக் கேமரா வாங்கித் தரச் சொல்லியிருந்தார். கோயில் ட்யூப்லைட்டில் எழுதுவதுபோல ஒவ்வொரு கம்பத்திலும் உபயம் இன்னார் என்று பெயின்டில் எழுதிவைத்தார்கள். ஏழாவது கேமரா தவசிக்கனியின் உபயம். வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் பார்க்க உரிமை உண்டு என்று சொல்லி, வியாபாரிகள் சங்கம் கூடும் பாத்திரக்கடையிலும் ஒரு திரையை மாட்டியிருந்தார்கள். ஆகவே அந்த ஆட்டுக்கல்லை பிரம்மசக்தி மட்டும் பார்க்கவில்லை. பாத்திரக்கடையில் குத்துவிளக்கு வாங்க வந்த ஒரு கல்யாண வீட்டாரும் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண், அது தவசிக்கனியின் அக்கா சொர்ணத்தின் ஆட்டுக்கல் என்றும், அவர்கள் அப்பா செத்த வருடம் பாகம் பிரித்தபோது காணாமல் போனது என்றும், விளிம்பில் இருக்கும் சில்லைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றும் சொல்லிவிட்டு, குத்துவிளக்கின் விலையைக் கேட்டாள்.

அன்று பகல் முழுக்க ஏழாவது கேமராவில் ஊர் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் பித்தளை அண்டாவோடு போனார், ஒருவர் கால் கட்டிய சேவலோடு போனார், ஒரு வாத்தியார் கக்கத்தில் பழைய ரேடியோவோடு போனார், ஒரு விவசாயி புல் முளைத்த வரப்பு ஒன்றைப் பாம்புபோலத் தோளில் போட்டுக்கொண்டு போனார், முன்னாள் கவுன்சிலர் ஒருவர் வடக்குத் தெருவுக்கு வந்திருக்கவேண்டிய தார் ரோட்டைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியபடி போனார். தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு எல்லாரும் வெறுங்கையாகத்தான் போனார்கள். மற்ற பதினைந்து கேமராக்களிலும் அப்படித்தான் தெரிந்தது.

கேமரா கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். ஏணி போட்டு ஏறி, கண்ணாடியைத் துடைத்து, ஒயரைப் பிடுங்கி மாட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவன் இறங்கிப் போவதைத் திரையில் பார்த்த பிரம்மசக்தி, தம்பி கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கிறதே என்று கேட்டார். அவன் தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தென்காசியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதனுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கியா என்று கேட்டபடியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

முதலில் இதனால் பயன் அடைந்தது போலீஸ்தான். சங்கிலி பறித்தவன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு திரையில் நடந்தான். பைக் திருடியவன் சும்மா நடந்துபோனாலும் திரையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். மாஜிஸ்திரேட் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இருப்பதைக் காட்டினால் சாட்சி, இல்லாததைக் காட்டினால் அது சாட்சியில் சேராது என்று சொல்லிவிட்டார். ஆனால் கோர்ட்டுக்குப் போகவேண்டிய தேவையே குறைந்தது. ஜெபமணி ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திரையை அவன் பக்கம் திருப்பிவைத்து, டீ சொல்லுவார். டீ வருவதற்குள் பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் நிலையத்து வழக்குகள் பாதியாகக் குறைந்தன. மாவட்டத் தலைமையிலிருந்து பாராட்டு வந்தது. எந்த மென்பொருள் என்று கேட்டும் வந்தது. ஜெபமணி அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஊர் தானாகவே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. இதற்கென்று ஒரு நடைமுறையும் உண்டாகிவிட்டது. எடுத்தவர் பொருளோடு வருவார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்பார். வீட்டுக்காரர் பொருளைப் பார்க்காததுபோல, உள்ளே வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்பார். காப்பி குடித்துவிட்டு அவர் போகும்போது பொருளை மறந்து வைத்துவிட்டுப் போவார். எப்போது எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. தவசிக்கனியின் ஆட்டுக்கல்லை மட்டும் அப்படி மறந்து வைக்க முடியவில்லை. நான்கு ஆட்கள் கம்பு கோத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், இவர் பின்னால் குடை பிடித்தபடி போனார். சொர்ணம் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து, விளிம்புச் சில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்ப கிரைண்டர்தான் ஓடுது, இருந்தாலும் கெடக்கட்டும் என்றார். மறுநாள் தவசிக்கனி தலையில் ஒன்றும் இல்லாமல் முக்கைக் கடந்தார். பாத்திரக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கேமரா எதைக் காட்டுகிறது என்பது ஊருக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. இன்ஸ்பெக்டர் ஜெபமணி தன் சர்வீஸில் எதை எடுத்திருந்தார் என்பது அவருக்குத் தெரியும். இளம் வயதில் ஒரு கைதியிடமிருந்து வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்காத கைக்கடிகாரம் அது. அது திரையில் தெரியுமா என்று பார்க்க ஒருநாள் வேண்டுமென்றே மூன்று தடவை கேமராவுக்குக் கீழே நடந்தார். தெரியவில்லை. அந்த ஆளைத் தேடிப் போய்க் கேட்டதில், அவர் சிரித்துக்கொண்டு, அந்த வாட்ச்சா சார், அது ஓடாத வாட்ச்சு, அன்னிக்கே விட்டுட்டேன் என்றாராம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார்கள். மறந்துபோனதும் மன்னித்துவிட்டதும் திரையில் வருவதில்லை. இழந்தவர் எங்கேயோ இன்னும் தேடிக்கொண்டிருந்தால் மட்டுமே வருகிறது. சொர்ணம் இத்தனை வருடமும், கிரைண்டர் வந்த பிறகும், புறவாசலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். கேமரா கள்ளனைப் பார்க்கவில்லை, பறிகொடுத்தவளைத்தான் பார்க்கிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது.

திருப்பிக் கொடுக்க முடியாதவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் முக்கு வழியாக வருவதை விட்டுவிட்டு, குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போனார்கள். கரையில் நடமாட்டம் கூடியது. அங்கே ஒரு வடைக்கடை வந்தது. மணிக்கூண்டைச் சுற்றி இருந்த கடைகளில் வியாபாரம் படுத்தது. கேமராவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கவேண்டும் என்று வியாபாரிகள் சங்கம் ஒரு மனு எழுதி, டி.எஸ்.பி.க்குக் கொடுத்தது. அதில் முதல் கையெழுத்து, உபயதாரர் என்ற முறையில், தவசிக்கனியுடையது.

குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போனவர்களில், முதல் நாளிலிருந்தே ஒருநாள் தவறாமல் போனவர் பீடி சுற்றும் தங்கலீலா. பீடிக் கம்பெனியின் கடை முக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மைல் தொலைவு சுற்றிப் போய், சுற்றித் திரும்புவார். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. பொன்ஷீலா என்று ஒரே மகள். அவள் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி, பயிற்சிக்குப் போகக் காத்திருந்தாள். ஒரு விசாரணை பாக்கி இருந்தது. பெற்றோரோடு உள்ளூர் நிலையத்துக்கு வந்துவிட்டுப் போகவேண்டும். நிலையம் ஏழாவது கேமராவுக்கு நேர் கீழே இருந்தது.

தங்கலீலா முதலில் கால் வலி என்றார். பிறகு கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்றார். வீட்டில் பீடி சுற்றுகிறவருக்கு யார் லீவு தரவேண்டும் என்று மகள் கேட்டாள். பொன்ஷீலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். இலை வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கையால் இடித்தாள்.

“யாரு வீட்டு அம்மியத் தூக்குன? சொல்லு.”

தங்கலீலா கத்தரியை நிறுத்தவில்லை.

“அட, சொல்லும்மா. எதுவா இருந்தாலும் பரவால்ல. உரியவங்ககிட்டக் குடுத்திருவோம்.”

குடுத்திருவோம் என்று மகள் சொன்ன பிறகு தங்கலீலா வெட்டிய இலைகள் எல்லாம் கோணலாக வந்தன. அன்றைக்குக் கம்பெனிக்காரர் கால்வாசிக் கட்டைக் கழித்துவிட்டார்.

மறுநாள் மகள் மைதானத்துக்குப் போன பிறகு, தங்கலீலா தலை வாரி, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, குளத்தங்கரைப் பக்கம் திரும்பாமல் நேராக மணிக்கூண்டுக்கு நடந்தார். கேமராவுக்குக் கீழே வந்ததும் நடையைக் குறைத்தார். இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் படியேறும்போது உடம்பைச் சாய்ப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலையத்தின் படியேறி, நேராகப் பின்னறைக்குப் போய், பிரம்மசக்தி காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சிதா, ஏட்டம்மா?”

“தெரிஞ்சிது.”

“முழிச்சிருக்காளா?”

“தூங்குது.” பிரம்மசக்தி பதிவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். “பச்சைத் தொப்பி. கன்னத்துல பொட்டு. ஒரு கால்ல மட்டும் கொலுசு.”

“இன்னொண்ணு பெத்தவ கையில அறுந்து வந்துட்டு,” என்றார் தங்கலீலா. பிறகு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். திரையில், அவருடைய இடது இடுப்பில், ஆறேழு மாதக் குழந்தை ஒன்று வாய் லேசாகத் திறந்தபடி அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கலீலா அதைத் தொடவில்லை. 

“வேண்டாம்னு விட்டுட்டான்னுதான் நெனச்சிக்கிட்டேன், ஏட்டம்மா. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நெனச்சேன். இன்னும் தேடுதாளே.”

அவர் சொன்னது இது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, பிள்ளைக்காக வைத்தியம் பார்த்த கல்லுப்பொத்தை ஆஸ்பத்திரியில் இனிமேல் நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிய நாள். ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லுப்பொத்தை பஸ் ஸ்டாண்டில் பஸ் புறப்பட நின்றது, கோயில் கூட்டம். இவருக்கு இடப்பக்கம் ஜன்னலோர சீட். வெளியே நின்ற ஒரு பெண், வாசலில் முண்டி ஏறக் கைகள் வேண்டும் என்பதற்காக, ஊர்வழக்கப்படி, பிள்ளையைப் பிடிங்க என்று ஜன்னல் வழியாகக் குழந்தையை இவர் மடியில் தந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கொலுசு ஒன்று ஜன்னல் கம்பியில் மாட்டி அவள் விரலோடு போய்விட்டது. அவள் வாசலைத் தொடுவதற்குள் பஸ் கிளம்பியது. நிறுத்துங்க என்று தங்கலீலா ஒரு தடவை கத்தினார். கண்டக்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. குழந்தை அவருடைய ரவிக்கைப் பித்தானைப் பிடித்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கணவர் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டில் கட்டக் கயிறு வாங்கி வந்தார்.

பிரம்மசக்தி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். ஜெபமணி கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இந்தம்மாவை முதலில் சாப்பிட வையுங்கள் என்றார். காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க இலாகா ஒரு மென்பொருள் கொடுத்திருந்தது. திரையில் இருந்த குழந்தை முகத்தை அதில் ஏற்றினார்கள். அது கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு, ஒரு பவுடர் விளம்பரத்தின் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது. கல்லுப்பொத்தை நிலையத்தின் பழைய புகார்கள் வெள்ளத்தில் போயிருந்தன. பிரம்மசக்தி யோசித்துவிட்டு, கல்லுப்பொத்தை கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, அங்கே திரை பார்க்கும் காவலரிடம், உங்கள் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் யாராவது உண்டா என்று கேட்டார்.

அந்தக் காவலர் சிரித்துவிட்டார். அந்த அக்காவையா கேக்கிய, என்றார். அங்கே புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. காரணமில்லாமல் ஒரே இடத்தில் சுற்றுகிறவர்களைத் தானாகக் கண்டுபிடித்து மணி அடிக்கும். முதல் வாரமே அது ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தது. செவ்வாய்தோறும் வருவாள். எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டாள். வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் இடப்பக்கமாக நடந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போவாள். பிக்பாக்கெட் என்று நினைத்துக் கூட்டிவந்து விசாரித்தோம், மடியில் அறுந்த கொலுசு ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை, பெயர் முப்பிடாதி, கல்குவாரியில் வேலை, இப்போதும் மணி அடிக்கும், நாங்கள்தான் அணைத்துவிடுவோம் என்றார்.

பொன்ஷீலாவிடம் தங்கலீலாவே சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்து, முக்கு வழியாகப் போகாமல், குளத்தங்கரை வழியாகப் போய், பொழுது சாய்ந்து திரும்பினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. தட்டில் சோறு போட்டால் சாப்பிட்டாள். அம்மா சுற்றிய பீடிக் கட்டை எப்போதும்போலக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திங்கட்கிழமை மட்டும் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

“எனக்கு அப்ப என்ன பேரு?”

“தெரியாதும்மா,” என்றார் தங்கலீலா.

மறுநாள் மூன்று பேர் கல்லுப்பொத்தைக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ் ஏறினார்கள். தங்கலீலா இடப்பக்கம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மகள். பின் சீட்டில் பிரம்மசக்தி, சாதாரணச் சேலையில். பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றதும், தலையில் கல்தூசியும் தோளில் துண்டுமாக ஒரு பெண் முன்பக்கத்திலிருந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவசரப்படவில்லை. தேடுகிறவர்களின் முகமாக இல்லை அது, பழகிப்போன வேலையைச் செய்கிற முகம். அவள் அந்த ஜன்னலுக்கு வந்தபோது தங்கலீலா மகளின் கையை எடுத்து, உள்ளங்கையில் அந்த ஒற்றைக் கொலுசை வைத்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினார்.

“இந்தாங்க,” என்றார். “பிள்ள.”

கண்டக்டருக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் அவர் விசில் ஊதவில்லை.

ஸ்டாண்டுக்குள் இருந்த டீக்கடைப் பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்தார்கள். முப்பிடாதி அழவில்லை. பொன்ஷீலாவின் கையை விடவும் இல்லை. தங்கலீலாவைப் பார்த்துக் கேட்டாள்.

“அடுத்த நிறுத்தத்துல எறங்கியிருக்கலாம்லா?”

“எறங்குனேன். ரயில்வே கேட்டுல எறங்கி நின்னேன். அடுத்து வந்த பஸ்ல நீங்க இல்ல.”

“அந்த பஸ்ல இல்லதான். உங்க பஸ்சுக்குப் பின்னாலயே ரோட்டுல ஓடுனேன். பாதியில முடியாம விழுந்துட்டேன். அதுக்கடுத்த பஸ்சக் கை காட்டி நிறுத்தி, அதுல வந்தேன்.”

தங்கலீலா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நான் ஒரு பஸ்தான் பாத்தேன்,” என்றார். “ரெண்டாவது பஸ் வர்றதுக்கு முன்னாடி அங்கேருந்து போயிட்டேன். வந்துருமோன்னு பயந்துதான் போனேன்.”

 எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. பழக்கத்தில் முப்பிடாதியின் கண் ஜன்னல்களுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கடந்து, திரும்பி வந்தது. அப்புறம் பொன்ஷீலாவின் சடையைத் தூக்கிப் பார்த்தாள். இழுத்துப் பின்னி, நுனியில் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

“பேரு என்ன வச்சிய?”

“பொன்ஷீலா.”

“குலசாமி கோயில்ல முடி எறக்கிப் பேரு விடத்தான் அன்னிக்குப் போனேன். அதுவரைக்கும் பேரு இல்ல.” அவள் சடையைத் தோளில் போட்டு நீவினாள். “சரி. நீங்க வச்சிட்டிய.”

புகார் எழுதித் தருகிறீர்களா என்று பிரம்மசக்தி கேட்கவேண்டிய முறையில் கேட்டார். பிள்ளை போலீசுக்குப் போகிறவள், அதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா என்று முப்பிடாதி திருப்பிக் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. ஜெபமணி அந்த விவகாரத்தை, காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்ற ஒரே வரியில் முடித்தார். பொன்ஷீலா பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனாள்.

இதோடு திரையில் குழந்தை மறைந்துவிடும் என்றுதான் ஊர் எதிர்பார்த்தது. பாத்திரக்கடையில் அன்று நல்ல கூட்டம். தங்கலீலா முக்கைக் கடந்தபோது குழந்தை அப்படியே இடுப்பில் இருந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிரம்மசக்திக்குப் புரிந்தது. முப்பிடாதி தொலைத்தது ஆறேழு மாதக் கைக்குழந்தை. கிடைத்திருப்பது கயிறு ஏறுகிற இருபது வயதுப் பெண். அந்தக் கைக்குழந்தையை யாராலும் கொண்டுவந்து மறந்து வைத்துவிட்டுப் போக முடியாது.

பிரம்மசக்தி அதை முப்பிடாதியிடம் போனில் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பிடாதி கல்லுப்பொத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஆவாரங்குறிச்சிக்கு வந்தாள். பின்னறையில் அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். தங்கலீலா வெளியே கேமராவுக்குக் கீழே நடந்தார். முப்பிடாதி தன் குழந்தையைப் பார்த்தாள். தங்கலீலா முக்கின் மறுபக்கம் போய் நின்று, திரும்பி நிலையத்தைப் பார்த்தார். பிரம்மசக்தி வாசலுக்கு வந்து, இன்னொரு தடவை என்று கை காட்டினார். தங்கலீலா மறுபடி நடந்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். பிறகு யாரும் கை காட்டவேண்டிய அவசியம் இல்லாமல், மணிக்கூண்டைச் சுற்றி, பிள்ளையைத் தூங்கவைக்கிற பெண்கள் முற்றத்தில் நடப்பதுபோல, மெதுவாக, இடுப்பை ஆட்டாமல், பகல் முழுக்க நடந்தார்.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் அது நடந்தது. செவ்வாய்க்கிழமை முக்கு வழியாக வரும் டவுன் பஸ்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திக்கொண்டன. சர்பத் கடைக்காரர் தங்கலீலா நடக்கும் வழியில் தண்ணீர் தெளித்து வைத்தார். சைக்கிளில் போகிறவர்கள் அவருடைய இடது பக்கமாகப் போகாமல் வலது பக்கமாகச் சுற்றிப் போனார்கள். யாரும் சொல்லி வந்ததில்லை இது. ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தை கண் விழித்தது. பாத்திரக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அது சுற்றும் முற்றும் பார்த்து, தங்கலீலாவின் காதுத் தோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பத் தூங்கியது. முப்பிடாதி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள் என்று பிரம்மசக்தி சொல்லியிருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கத்தின் மனு டி.எஸ்.பி. ஆபீஸிலிருந்து உத்தரவாகித் திரும்பி வந்தது. கேமராவைத் திருப்பி வைக்கலாம், உபயதாரர் சம்மதம் பெறவும் என்று இருந்தது. ஜெபமணி அதை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனார். முதல் கையெழுத்து உங்களுடையது, என்ன செய்ய என்று கேட்டார். தவசிக்கனி பருப்பு அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து, பொட்டலம் கட்டினார்.

“அந்தம்மா இன்னும் பாத்து முடிக்கலியே, சார்,” என்றார். “வியாபாரம் கெடந்தா கெடந்துட்டுப் போவுது.”

அவர் அடுத்த நாள் ஏணி போட்டு ஏறி, கம்பத்தில் இருந்த தன் பெயரைச் சுண்ணாம்பு அடித்து அழித்தார். கேமராவைத் தொடவில்லை. உபயதாரரே இல்லாத கேமராவுக்கு யாரிடம் சம்மதம் வாங்குவது என்று ஜெபமணி டி.எஸ்.பி. ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வர மாதங்கள் ஆகின.

கார்த்திகை மழையில் தங்கலீலா குடை பிடித்து நடந்தார். திரையில் குடை, குழந்தை பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாசியில் வெயில் ஏறியது. பயிற்சியில் இருந்த பொன்ஷீலா விடுமுறையில் வந்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளும் முக்கில் நிற்கும்போது முப்பிடாதி பஸ்ஸை விட்டு இறங்கினாள். வழக்கப்படி தங்கலீலா முந்தானையைச் செருகிக்கொண்டு கேமராவுக்குக் கீழே போகத் திரும்பினார். முப்பிடாதி நிலையத்தின் படியில் ஒரு காலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு வேண்டாம்,” என்றாள். “வெயில் என்னமா அடிக்கி. வாங்க, வீட்டுல போய்ச் சாப்பிடுவோம்.”

பாத்திரக்கடையில் அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஏழாவது கேமராவின் பதிவில் மூன்று பெண்கள் மணிக்கூண்டு முக்கைக் கடந்து வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களிடம் ஒரு குடை மட்டும் இருக்கிறது. அது அவர்களுடையதுதான்.